குமாஸ்தா அக்காவின் இரண்டு தாள்கள்

எண்பதுகளில் பழவேற்காட்டில், மீன் எடையைப் பதிவு செய்யும் ஒரு சின்ன அலுவலகத்துக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் எழுதிய புரோகிராமைப் பயன்படுத்துபவர்களுக்கு எங்கே தப்பு வருகிறது என்று எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி.

அங்கே தற்காலிகக் குமாஸ்தாவாக ஒரு அக்கா இருந்தார். பெரிய பொட்டு, காதில் செருகிய பென்சில். நான் ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கம்ப்யூட்டரில் அடித்து அச்சிட்ட முதல் தாள் முழுக்கத் தப்பு. மாலையில் அதைப் பார்த்துத்தான் அவரை வேலையில் வைத்துக்கொள்வதா என்று மேலாளர் முடிவு செய்வார்.

"இன்னா தம்பி, எழுதிக்கினே கீறே? என் வேலைக்கு வேட்டு வைக்கத்தான் வந்தியா?"

"இல்லக்கா, புரோகிராமைத்தான் சோதிக்கிறேன்."

"அப்போ வெளியே போய் குந்து. நான் வாய்விட்டுச் சொல்லிக்கினேதான் எதையும் எழுதுவேன். நீ பக்கத்துல கீறதால வெக்கமா கீது, வாயே தொறக்கல. கை எங்கியோ போவுது."

வெளியே போனேன். "மடவை பன்னெண்டு கிலோ, எறா ஏழு" என்று ஜன்னல் வழியே உற்சாகமாகக் குரல் கேட்டது. அப்படி அடித்த இரண்டாவது தாளில் ஒரு தப்புகூட இல்லை!

மேலாளர் இரண்டு தாள்களையும் புரட்டினார். "முதல் தாள்ல இவ்ளோ தப்பு யாரால?"

"என்னால சார்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக எந்தத் தப்பையும் நான் ஒப்புக்கொண்டதில்லை.