இடம் மாறிப் போன கிடாரம்

என் கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். எங்கள் மகள் பிறந்ததிலிருந்து அவளுடைய ஒரு பிறந்தநாளுக்குக்கூட அவர் ஊரில் இருந்ததில்லை. அவளுக்கு ஏழு வயது முடிந்தபோதுதான் விடுமுறை சரியாக அமைந்தது. கடற்கரையில் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு கொடுப்போம் என்றார். கொஞ்சப் பேர் என்றால் எங்கள் இரண்டு குடும்பமும் அக்கம்பக்கத்து வீடுகளும் என்று நினைத்து நானும் சரி சொன்னேன்.

ஜும்ஆ தொழுகைக்குப் போனவர் வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கூடப் படித்தவர்கள், பழைய கடைக்காரர், கடல் வேலை செய்யும் ஆட்கள் என்று பள்ளிவாசல் வாசலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எத்தின பேருக்குச் சொன்னீங்க?"

"அதெல்லாம் ஆரு எண்ணின? கண்டாக்களுக்குச் சொன்னன்."

"புள்ளட பிறந்தநாள் எண்டு சொன்னீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "சில பேருக்கு அது புடிக்காதே புள்ள. அவங்களுக்கு பீச்சில ஒரு சாப்பாடு எண்டு மட்டும் சொன்னன்."

ஆக, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எதற்கு வருகிறோம் என்றே தெரியாது. எனக்கு எத்தனை பேர் என்று தெரியாது. வீட்டுக்கு ஓடு மாற்றவென்று சேர்த்த காசைத் தொடக்கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

யாரிடம் கேட்டாலும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். நெய்ச்சோறும் ஒரே ஒரு இறைச்சிக் கறியும் ஆக்கி சஹனில் வைத்துவிட்டால் ஆறு பேர் ஒரு தட்டில் சாப்பிடுவார்கள், மிச்சம் வராது என்றார் உம்மா. தங்கச்சி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பீச்சு மணலில சஹனா? கொத்து ரொட்டிக்காரரக் கல்லோட கொண்டு வந்து வைங்க, ராத்தா. புள்ளைகளுக்கு அதுதான் விருப்பம்." தையல் துணி கொண்டு வந்த ஒரு ரீச்சர், பேக்கரியில் மொத்தமாக ரோல்ஸும் பற்றிஸும் எடுத்தால் விலை குறைப்பார்கள் என்றார். ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகவே பட்டது. அடுத்தவர் சொன்னதும் முன்னது பிழையாகப் பட்டது. இரண்டு நாளாகத் தையல் மெசினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன்.

கடைசியில் வழி சொன்னது பக்கத்து வீட்டு மாமிதான். அவரும் மாமாவும் மட்டும் இருக்கிற வீடு அது. மாமாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல்.

"சோத்து நேரத்துக்குச் சனத்தக் கூப்பிட்டா சோறுதான் குடுக்கணும், மகள். பின்னேரம் அசறு தொழுதாப் பொறகு கூப்பிடுங்க. மரவள்ளிக் கிழங்கு அவிச்சி, தேங்காப்பூவும் கட்டச்சம்பலும் வைங்க. கொஞ்சம் கடலை. மறுகா பிளேன்டி. கடக்கரையில இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கு மூச்சு வந்தது. எத்தனை பேர் வந்தாலும் கிழங்கு காணும். அவிக்க எங்கள் முற்றத்து அடுப்பே போதும். பிளேன்டிக்கு, அந்தப் பால் விடாத தேத்தண்ணிக்கு, இஞ்சி தட்டிப் போடுவேன் என்று சொன்னபோது மாமி என் கையில் அடித்தார். "மரவள்ளி தின்டுட்டு இஞ்சியா? சனத்தக் கொல்லப் போறீங்களா?" இஞ்சி ஏலக்காயாக மாறியது.

கணவரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கட்டாரில இருந்து வந்து கிழங்கா குடுக்கிற?" என்று கேட்டார். "வேற என்ன குடுக்கலாம், சொல்லுங்க" என்றேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையிலேயே மாமி வந்து எங்கள் முற்றத்தில் கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். வழக்கமாக ஓயாமல் கதைக்கிறவர், அன்று ஏதோ போல இருந்தார். கடல் பக்கமாக வேட்டுச் சத்தம் ஒன்று கேட்டது. கத்தியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன மாமி?"

"ஆரோ புதுத் தோணி இறக்கிறாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உரித்தார். கண் கலங்கியிருந்தது. கச்சான் காற்று அடுப்புப் புகையைச் சுழற்றிக்கொண்டிருந்ததால் புகைதான் என்று நினைத்தேன்.

அசறுக்குப் பிறகு கடற்கரையில் நிழலுக்குத் தரப்பாள் கட்டினோம். ஊர்ப் பக்கமிருந்து அடித்த கச்சான் அதைக் கடலுக்குள் கொண்டுபோகப் பார்த்தது. நாலு மூலைக்கும் நாலு பேர் தொங்கினார்கள். சனம் வந்தது. நினைத்ததைவிட அதிகம். சிலர் பொம்மையும் பென்சில் பெட்டியும் கொண்டு வந்தார்கள். சிலர் தொப்பி போட்டுக்கொண்டு துஆ ஓதத் தயாராக வந்து, ஊதுபத்தி எங்கே என்று கேட்டார்கள். கேக்கைப் பார்த்த ஒரு பெரியவர், "இது என்ன, கலியாணமா?" என்று கேட்டார். நான் ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் கிழங்குத் தட்டைக் கொடுத்தேன். மகள் கேக்கை வெட்டும்போது காற்றில் மணல் ஏறி ஐசிங் கரகரவென்று இருந்தது. பிள்ளைகள் அதையும் தின்றார்கள்.

கிழங்கு நன்றாகப் போனது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கேட்டு வாங்கினார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கணவரைப் பார்க்கப் பார்க்கப் பயமாக வந்தது. மனிதர் ஓரிடத்தில் நிற்கவில்லை. றோட்டுக்குப் போகிறார், திரும்பி வருகிறார், போனை எடுத்து அழுத்துகிறார், காதில் வைக்கிறார், திட்டுகிறார்.

நான் பிளேன்டி கொடுக்கத் தொடங்கினேன். பிளேன்டி வந்தால் விருந்து முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எழும்பினார்கள். அவர் ஓடிவந்து கையை விரித்தார்.

"போயிராதீங்க, கொஞ்சம் பொறுங்க! மஃரிப் தொழுதுட்டுப் போகலாம்."

உட்கார்ந்தார்கள். மறுபடி எழும்பினார்கள். மறுபடி உட்கார வைத்தார். கப் கையிலிருக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னத்துக்கு இவங்கள மறிச்சி வைக்கிறீங்க?" என்று பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன்.

"ஒண்டுமில்ல. நீ போ."

"கிழங்கும் முடிஞ்சிட்டு. என்னத்தக் குடுக்கிற?"

"ஒண்டுமில்ல எண்டு சொல்றன்தானே!"

அவர் என்னிடம் சத்தம் போடுகிறவர் அல்ல. போனில் என்ன செய்தி வந்தது, வேலை போய்விட்டதா, யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று என் தலைக்குள் என்னவெல்லாமோ ஓடியது.

பொழுது பட்டதும் மஃரிபைக் கடற்கரை மணலிலேயே ஜமாஅத்தாகத் தொழுதார்கள். ஸலாம் கொடுத்து முடித்து எழும்பும்போது தெற்குப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். புதுச் சாரன், வெள்ளைச் சேர்ட்டு, வெறுங்கால். எங்கள் தரப்பாளுக்குள் வந்து யாரையோ தேடினார். என் பக்கத்தில் நின்ற மாமி என் கையைப் பிடித்தார். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தார்.

"எண்ட தம்பி" என்றார்.

மாமிக்கு ஒரு தம்பி இருப்பது எனக்குத் தெரியும். தோணியும் வலையும் வைத்திருக்கிறவர். ஒரு காலத்தில் மாமாவும் அவரும் கூட்டாகத் தோணி வைத்திருந்து, அதை விற்றபோது வந்த பிரச்சினையில் கதை நின்றுபோனது. மாமியின் மகள் கலியாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. அன்றைக்குப் புதுத் தோணி இறக்கியது அவர்தான். அக்காவுக்கும் மச்சானுக்கும் அவர் சொல்லவில்லை. காலையில் மாமி பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் நேராக மாமாவிடம் போனார். மாமாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"மச்சான், நான் ஒங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல. நீங்க எனக்குக் கிடாரத்தோட சோறு அனுப்பி இரிக்கீங்க. எண்ட ஆக்கள் அம்புட்டுப் பேரும் வயிறு நிறையத் தின்டானுகள்."

மாமா மாமியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனால் அந்தத் தம்பி அழுதுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல மாமாவால் முடியவில்லை போல. "வாங்க மச்சான், வாங்க" என்று மட்டும் சொல்லி அவரைக் கட்டிக்கொண்டார். மாமி ஓடிப்போய் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து அழுதார்.

என் கணவர் அந்த இடத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு அந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வந்திருந்தவர்களைப் பார்த்து, "சரி, நேரமாகுது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். இவ்வளவு நேரமும் போகாதீங்க என்று கெஞ்சியவர்! சனம் தலையை ஆட்டிக்கொண்டே போனது.

தரப்பாளைச் சுருட்டும்போது, "மாமா எப்ப சோறு அனுப்பின?" என்று கேட்டேன்.

"அது நான் அனுப்பின சோறு."

கிழங்கு கொடுக்க வெட்கப்பட்டு, எனக்குச் சொல்லாமல், பக்கத்து ஊர்ச் சமையல்காரர் ஒருவரிடம் ஒரு கிடாரம், கலியாணத்துக்கு ஆக்குகிற பெரிய அண்டா நிறைய, மாட்டிறைச்சிப் புரியாணிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கடற்கரையில் தரப்பாள் கட்டி, சனம் நிற்கிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். சமையல்காரரின் லொறி தெற்கால் வந்தது. முதலில் கண்டது, காலையில் தோணி இறக்கிவிட்டு ஆட்கள் இன்னும் கலையாமல் இருந்த தரப்பாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் இருந்து கொடுத்துவிட்ட சோறு என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீடும் மாமாவின் வீடும் இருக்கிற அந்த ஒழுங்கையில் மாமியின் தம்பிக்குத் தெரிந்த ஒரே வீடு மாமாவின் வீடு.

எனக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. காசு போனதற்குக் கோபம் வர வேண்டும். மாமியின் அழுகையை நினைத்தால் கோபம் வரவில்லை. "சொல்லுவமா?" என்று கேட்டேன். "என்னெண்டு சொல்ற?" என்றார். இரண்டு பேரும் தரப்பாளின் மணலை உதறினோம்.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு மாமாவே வந்தார். என் கணவரின் போனும் ஓட்டமும் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும்.

"சோறு ஒங்கடதானே, மகன்?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார்.

"அத எனக்கு வித்துருங்க."

"தின்டு முடிஞ்ச சோத்த எப்பிடி மாமா விக்கிற?"

"அவன் எண்ட கையப் புடிச்சி அழுதான். நான் இல்ல எண்டு சொல்லல்ல. அப்ப அது எண்ட சோறாத்தான் இரிக்கணும். இல்லாட்டி நான் பொய்யன்."

"அன்பளிப்பா, ஹதியாவா வெச்சிக்கங்க மாமா."

"ஹதியா எண்டா அது ஒங்கட சோறுதான். வித்தாத்தான் எண்ட சோறு."

இருவரும் மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்கு யார் சொல்வது சரி என்று விளங்கவேயில்லை. ஆனால் மாமா தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பப் பார்த்ததும், "ஒரு மூட்ட நெல்லுத் தாங்க மாமா, அது காணும்" என்றேன். கணவர் என்னை முறைத்தார். மாமாவின் முகம் தெளிந்தது. மத்தியானத்துக்குள் சைக்கிளில் நெல் மூட்டை வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு மாமியின் தம்பி அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்தார். தோணி கரைக்கு வந்த நாளெல்லாம் மாமியின் குசினியில் மீன் பொரிக்கிற மணம் வந்தது. எங்களுக்கும் ஒரு கோப்பையில் வரும். மாமா அவரோடு முற்றத்தில் இருந்து சத்தமாகக் கதைத்தார்.

கணவர் திரும்பிப் போவதற்கு முந்தின நாள், மாமியின் தம்பி ஒரு கருவாட்டுப் பொதியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டாருக்குக் கொண்டுபோக என்றார். வாசலில் நின்றபடி, சாதாரணமாக, "அண்டைக்கு ஒங்கட புரியாணி நல்ல ருசி" என்றார்.

கணவர் பொதியை வாங்கிக் கீழே வைத்தார்.

"கிடாரத்தத் திறந்து ஆக்கள் பாதி தின்டாப் பொறகுதான் எனக்கு விளங்கின. மச்சான் மாட்டிறைச்சி தின்னாதவர், நெஞ்சு வருத்தம் வந்த நாளில இருந்து வாங்கிறதும் இல்ல. அவர் எப்பிடி இத அனுப்புவார்? தூரத்தில ஒங்கட தரப்பாளக் கண்டன். சனமெல்லாம் கையில கப்போட காத்துக்கிட்டு நிக்கிற."

"அப்ப ஏன் மாமாட கையப் போய்ப் புடிச்ச?" என்று கணவர் கேட்டார்.

அவர் செருப்பால் மணலைத் தள்ளினார். "எத்தின வருசமாப் போக நினைச்சன். போறதுக்கு ஒரு சாட்டுக் கிடைக்கல்ல. மச்சானுக்கிட்டச் சொல்லிராதீங்க."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் குசினியில் உட்கார்ந்தோம். மாமா பொய்யனாகக் கூடாது என்று நெல் கொடுத்திருக்கிறார். அந்த நெல்லைக் குத்தி நாங்கள் பாதிக்கு மேல் சோறாக்கித் தின்றுவிட்டோம். தம்பிக்கோ எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் நெல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் ஏன் என்று மாமா கேட்பார். சொல்லாமல் விட்டால், வாங்கியது சரியா? கணவர் ஒரு பக்கமாகவும் நான் ஒரு பக்கமாகவும் கதைத்து, பிறகு இருவரும் பக்கம் மாறிக் கதைத்தோம்.

அதற்குள் மாமி பின் வாசலால் வந்தார்.

"எண்ட தம்பி வந்து என்ன சொல்லிட்டுப் போறான், மகள்?"

"கருவாடு தந்துட்டுப் போறார், மாமி" என்றேன்.

"வேற?"

"புரியாணி நல்லம் எண்டு சொன்னார்."

மாமி சிரித்தார். "மெய்தானே. இவருக்கு அவனுக்குச் சோறு அனுப்புற புத்தி எங்கயிருந்து வந்திச்சோ, நானும் யோசிச்சி யோசிச்சிப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கருவாட்டுப் பொதியை நல்ல பொலித்தீனில் இன்னொரு தரம் சுற்றித் தர உட்கார்ந்தார்.