இருபத்து மூன்றாவது இணைப்பு

சேதுராமன் எந்தக் கடதாசியையும் எறியமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இலங்கையில், கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவருடைய அப்பா கறுப்பையா, தான் இந்த நாட்டிலேயே பிறந்தவர் என்று நிரூபிக்கப் பதினான்கு வருடம் அலைந்தார். ஆள் நேரே வந்து நின்றது அரசாங்கக் கந்தோருக்குப் போதவில்லை. பிறந்ததற்குக் கடதாசி கேட்டார்கள். கடைசியில் காரியத்தை முடித்து வைத்தது, யாரும் கேட்காமல் அவராகவே சேர்த்துக் கொடுத்த கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டத்தில் அம்மைப்பால் குத்தியதற்குக் கொடுத்த ஒரு பழைய துண்டு. அன்று முதல் அந்தக் குடும்பத்தில் ஒரே சட்டம்தான்: விண்ணப்பம் என்றால் கேட்டதையும் வை, கேட்காததையும் வை.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. மகன் பேராதனையில் பொறியியல் படித்தார். எழுபத்தாறாம் ஆண்டில், கண்டியில் வீதி வேலைகளைப் பார்க்கும் ஒரு கந்தோரில் பொறியியலாளராகச் சேர்ந்தார்.

பொறியியலாளர் என்று சொன்னாலும் அதில் ஒரு குறை இருந்தது. பட்டம் பெற்றவர் கணக்குப் போடலாம், படம் கீறலாம். படத்தின் வலப்பக்க மூலையில் உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போட அது போதாது. அதற்குப் பட்டயப் பொறியியலாளராக, அதாவது 'சார்ட்டர்ட் இஞ்சினியராக', இருக்கவேண்டும். பட்டயம் வேண்டுமானால் சில வருடம் பொறுப்பாக வேலை செய்திருக்கவேண்டும். பொறுப்பாக வேலை செய்ததற்கு அத்தாட்சி கையெழுத்து. கையெழுத்துப் போடப் பட்டயம் வேண்டும். இந்த வட்டத்துக்குள் எல்லாரும் எப்படியோ புகுந்துவிடுகிறார்கள். சேதுராமனும் புகுந்துவிடலாம் என்றுதான் நம்பினார்.

அவருக்கு மேலே இருந்த பிரதம பொறியியலாளர் செல்லப்பா, யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். சேதுராமன் படத்தைக் கொண்டுபோய் விரித்தால், விரிக்கும் சத்தம் அடங்குவதற்குள் கையெழுத்து விழுந்துவிடும்.

"சேர், ஒருக்கா பாத்துட்டுப் போட்டீங்கன்னா..."

"நீர் கீறினதெண்டால் நான் ஏன் ஐசே பாக்கவேணும்?"

இதைவிடப் பெரிய பாராட்டை சேதுராமன் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அப்படிக் கையெழுத்தான படங்களில் ஒன்று, கம்பளையிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு வளைவில், மலைமண் சரியாமல் தாங்குவதற்கான கருங்கல் சுவர். எழுபத்தொன்பது மாசியில் இடத்தைப் போய்ப் பார்த்தார். நல்ல வெயில். மண் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற எத்தனை துளை விடவேண்டும் என்று புத்தகம் சொன்னதோ அத்தனை துளை விட்டார். கணக்கு சுத்தம். மழையில் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் சுவர் எழும்பியது. கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மூக்காயி என்ற பெண், அடைமழைக்குச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். மலைக்குள் இருந்த ஊற்று திறந்து, துளைகளுக்கு அடங்காமல், சுவரை அப்படியே அவள் மேலாகப் பாதைக்குத் தள்ளியது. மூக்காயி பிழைக்கவில்லை.

விசாரணை என்று கடிதம் வந்ததும் செல்லப்பா அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உதில இரும். நான் சொல்லுறதை எழுதும். 'நான் பணிப்பின்படி வரைந்தேன். இச்சுவர் சம்பந்தமான தீர்மானம் எதிலும் எனக்குப் பொறுப்பு இருக்கவில்லை.'"

"சேர், கணக்கு என்னோடதுங்க. எடத்தப் பாத்ததும் நான்தான்."

"கணக்கு உம்மடை. கையெழுத்து என்ர. எனக்கு மாசியில நைஜீரியா, வேலை சரிவந்திட்டுது. இவங்கள் என்னை என்ன செய்யிறது? உமக்கு இஞ்சதான் சீவியம். எழுதும்."

சேதுராமன் எழுதினார். விசாரணைக்காரர்கள் பழியைச் செல்லப்பாவின் மேல் போட்டார்கள். செல்லப்பா அதைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். சேதுராமனுக்கு, 'மேற்படி சுவர் தொடர்பாக இவருக்கு எவ்விதப் பொறுப்பும் இருக்கவில்லை என்று காணப்பட்டது' என்று அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் கிடைத்தது. அதைக் கோப்பில் போட்டு வைத்தார். எறியவா முடியும்?

ஏழு வருடம் கழித்து, எண்பத்தாறில், பட்டயத்துக்கு விண்ணப்பித்தார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அதற்குள் பட்டயம் வாங்கி, அவர் கீறும் படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தமுறை தவறினால் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டம் அடுத்தவருடையதுதான். விண்ணப்பத்தோடு இருபத்திரண்டு இணைப்புகள் கேட்டிருந்தார்கள். மனைவி சந்திரிகா, பள்ளிக்கூட ஆசிரியை, இலக்கமிட்டு அடுக்கினார்.

"ஏங்க, இதையுமா வைக்கணும்? கேக்கலையே."

"வை. குத்தமில்லன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. இதவிட நல்ல சான்றிதழ் எங்க இருக்கு?"

மறுநாள் கந்தோரில் படவரைஞர் றவூப் விண்ணப்பக் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "அல்லாவே, என்ன பாரம்! கலியாணக் கார்டும் உள்ளுக்கு ஈக்கா சேர்?"

பட்டயம் கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில் நேர்முகம் நடத்த மூன்று பேர் இருந்தார்கள். கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில். முதல் அரை மணி நேரம் சேதுராமன் பாலங்களைப் பற்றியும் மதகுகளைப் பற்றியும் நன்றாகவே பேசினார். நடுவில் இருந்தவர் தலையசைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டியவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது என்ன, இருபத்து மூன்றாவது?"

"என் நன்னடத்தைக்காக இணைத்தேன், ஐயா."

அவர் வாசித்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். மூவரும் வாசித்து முடித்ததும் நடுவில் இருந்தவர் அதை மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் சேதுராமன், பொறுப்பாக வேலை செய்தேன் என்று இருபத்திரண்டு கடதாசி வைத்திருக்கிறீர்கள். பொறுப்பே இல்லை என்று ஒரு கடதாசி வைத்திருக்கிறீர்கள். முத்திரை இதில்தான் பெரிதாக இருக்கிறது. அந்தச் சுவர் யாருடையது?"

என்னுடையதல்ல என்றால், மற்றப் படங்களும் அவருடையவை அல்ல. எல்லாம் ஒரே மேசையில், ஒரே விதமாகச் செய்தவை. என்னுடையது என்றால், விசாரணையில் எழுதிக் கொடுத்தது பொய். இரண்டில் எது நல்லது என்று சேதுராமன் கணக்குப் பார்க்கவில்லை. அவர் வாழ்நாளில் கணக்குப் பார்க்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"என்னுடையது, ஐயா. நான் மழையில் போய்ப் பார்க்கவில்லை."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் அல்ல. "நீங்கள் இதைச் சொன்னதை மதிக்கிறேன்" என்றார். அந்த மதிப்புக்கு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: 'பொறுப்பான நிலையில் பணியாற்றிய அனுபவம் நிரூபிக்கப்படவில்லை.'

"செல்லப்பா சாருக்கு எழுதிக் கேளுங்களேன், உண்மைய எழுதித் தரச் சொல்லி" என்றார் சந்திரிகா.

"என்னான்னு எழுதுவாரு? நான் பொய் சொல்ல வச்சேன்னா? அவரு நமக்கு நல்லதுதானே செஞ்சாரு."

"நல்லதுதான்" என்றார் சந்திரிகா. கடிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார்.

உண்மையைச் சொல்லியாயிற்று, இனி கந்தோரிலிருந்து ஒழுக்காற்றுக் கடிதம் வரும், வேலை போகும் என்று சேதுராமன் எதிர்பார்த்தார். ஆறு மாதம் காத்திருந்தார். நேர்முகத்தில் பேசியது இரகசியமாம், வெளியே போகாதாம். பிறகு அவரே தலைமைக் கந்தோருக்கு எழுதினார்: சுவர் என் பிழை. 'இவ்விடயம் முடிவுறுத்தப்பட்டுள்ளது. இது பற்றி மேலும் கடிதத் தொடர்பு வேண்டியதில்லை' என்று பதில் வந்தது. பட்டயம் இல்லாதவனுக்குக் குற்றம்கூடக் கிடைக்காதா என்று றவூப்பிடம் கேட்டார். றவூப் ஒரு பென்சிலை எடுத்துச் சீவினார்.

கடைசியாக ஒருநாள் கம்பளைக்குப் போய், அந்த வளைவில் இறங்கினார். புதுச் சுவர் பாசி பிடித்து நின்றது. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. நடத்துபவர் மூக்காயியின் தங்கை பாப்பம்மா என்பதை விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ஒக்காருங்க ஐயா. பிளேன்டியா?"

அவர் உட்காரவில்லை. "அம்மா, பழைய செவுரு... ஒங்க அக்கா மேல விழுந்தது... அது நான் செஞ்சது."

பாப்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, மெலிந்த கை, சட்டைப் பையில் இரண்டு பென்சில்.

"நீங்களா? ஒங்களுக்குக் கல்லு தூக்க முடியுமாங்க? கட்டுனது ரெண்டு மேசன் பாஸ்மாரு. ஒருத்தரு கடுகண்ணாவக்காரரு. இங்கதான் தேத்தண்ணி குடிப்பாங்க."

"கட்டுனது அவங்க. படம் கீறுனது நான். இங்க ஊத்து இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"ஊத்தா? அது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. மழ விட்டு ஒரு வாரத்துக்கு நாங்க அங்கதானே துணி அலசுவோம்." கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "யாராச்சும் பெரியவரு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போம். கையெழுத்துப் போட்டவரு ஒருத்தரு இருந்தாராமே, வெளிநாட்டுக்கு ஓடிட்டாராம். அவரத்தான் நாங்க இன்னைக்கும் திட்டுறோம்."

"அவரு நல்லவருங்க. அவரு மேல தப்பில்ல. நான்தான்..."

"விடுங்க ஐயா." பாப்பம்மாவின் குரலில் இரக்கம் வந்துவிட்டது. "சொல்லுறத எழுதுற உத்தியோகம் ஒங்களுது. ஒங்களச் சொல்லி என்னா ஆகப்போவுது? ஒங்க மேல எங்களுக்கு ஒன்னும் இல்லீங்க."

சேதுராமன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாப்பம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, அடுத்து வந்த லொறிக்காரரைக் கவனிக்கப் போய்விட்டார். தேத்தண்ணி சூடாக இருந்தது. சீனி தாராளமாகப் போட்டிருந்தது. கண்டி பஸ் வரும்வரை அதைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.