அண்ணாச்சி நம்பருக்கு வரும் ஓடிபி

என் மேஜையில் ஒரு பட்டன் போன் இருக்கிறது. பின்மூடி நிற்காது என்பதால் குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். ஐந்தாம் எண் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அதில் யாரும் என்னோடு பேசுவதில்லை; எப்போதாவது ஓர் ஆறு இலக்க எண் வரும், அவ்வளவுதான். அதற்காகவே நாள் தவறாமல் சார்ஜ் போடுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அது அண்ணாச்சியின் போன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காதுகுத்து பேனர், இதுதான் எங்கள் பிழைப்பு. அண்ணாச்சிக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷட்டர் முன்னால் நிற்கும் என்னைப் பார்த்ததும், “ஏம்மா, இன்னைக்குக் கரண்டு இருக்குமா?” என்பார், நான் என்னமோ கரண்டு ஆபீசில் வேலை பார்ப்பது போல.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் கல்யாணங்கள் வாட்ஸப்புக்குள் போய்விட்டன. கடைக்குப் பூட்டு. அதோடு நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வாரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். “எல்லாப் பயலும் கடையை நெட்டுல தொறக்கணுங்கான். பேரு புக் பண்ணணுமாம். நீ கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டு போயிரு.” இணையத்தில் ஒரு கடைக்கு முகவரி வேண்டுமென்றால் முதலில் ஒரு பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் பெயர் கையை விட்டுப் போய்விடும். அதுவரை வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் கேட்டால் பெரிது. இப்போது தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர், பால்கோவா போடுகிறவர், கணக்கு டியூசன் வாத்தியார் என்று வரிசை கட்டி நின்றார்கள். பந்தல்காரர் ஒருவரும் கேட்டார். “பந்தலே போட முடியாத காலத்துல அவருக்கு எதுக்கு அண்ணாச்சி வெப்சைட்டு?” என்றேன். “அவனுக்கும் பொழுது போகணும்லா,” என்றார். யோசித்துப் பார்த்தால், அன்றைக்குப் பெயர் வாங்கியவர்களில் பாதிப் பேர் வியாபாரத்துக்காக வாங்கவில்லை. கடை இன்னும் இருக்கிறது என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ளத்தான் வாங்கினார்கள்.

அங்கேதான் அண்ணாச்சி ஒரு தப்புச் செய்தார். பெயர் பதிய ஒரு போன் நம்பர் கொடுக்க வேண்டும். அதற்கு ஓடிபி வரும். எங்கள் ஊர்க்காரர்களிடம் ஓடிபி என்று வாயைத் திறந்தாலே போனை வைத்துவிடுவார்கள். பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்ற பயம். நைட்டிக்காரர் என்னைத் திருடி என்றே சொல்லிவிட்டார். அண்ணாச்சி, “அவுகளைப் போட்டுப் படுத்தாத. எல்லாத்துக்கும் என் நம்பரையே போடு,” என்றார். போட்டேன். சுற்று வட்டாரக் கடைகளின் பெயர்களெல்லாம் இந்த ரப்பர் பேண்ட் போனில் தொங்க ஆரம்பித்தன.

தினமும் காலை பதினோரு மணிக்கு அவரைக் கூப்பிடுவேன். முதலில் இருமலோடு ஒரு அறிவிப்பு ஓடும், கை கழுவச் சொல்லும். அது முடிந்து அண்ணாச்சி குரல் வரும். கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்வார். அம்மா போன பிறகு நான் தனியாகத்தான் இருந்தேன். தெருவில் தட்டி வைத்து அடைத்திருந்த அந்த நாட்களில் என்னோடு பேசிய ஒரே குரல் அந்த ஆறு எண்கள்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இரண்டாம் அலையில் அண்ணாச்சி நாலே நாளில் போய்விட்டார். பக்கத்து ஊர்தான், என்னால் போக முடியவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோனதை யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். மாதம் முடிவதற்குள் பால்கோவாக்காரரின் பெயரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஓடிபி அண்ணாச்சி நம்பருக்குத்தான் போகும். தாலி இறங்கின வீட்டில் போய் நம்பர் கேட்பதா? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டேன். மதினி எடுத்தார்கள். அண்ணாச்சியின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

“அழாதட்டி. செத்த நேரம் இரு, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்,” என்றார்கள். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எண்களை வாசித்து முடித்ததும், “இது யாரு கடை?” என்று கேட்டார்கள். சொன்னேன். “அவிய இருந்தா சந்தோசப்பட்டிருப்பாவ,” என்றார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. யார் கடை, இப்போது ஓடுகிறதா, அந்தப் பந்தல்காரன் நன்றாக இருக்கிறானா. சில நாள் காக்காவுக்குச் சோறு வைத்ததைச் சொல்வார்கள். சில நாள் அண்ணாச்சியின் சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை என்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓடிபியே தேவையில்லை. ‘இந்தக் கம்ப்யூட்டரை நினைவில் வை’ என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஒரு டிக் போட்டால் பிறகு கேட்கவே கேட்காது. அண்ணாச்சி நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நான் இரண்டையும் செய்யவில்லை. பெயர் பதியும் தளத்தை விட்டு வேண்டுமென்றே வெளியே வந்து, வேண்டுமென்றே மறுபடி உள்ளே போவேன். மதினிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வேன். பொய். எனக்குத்தான் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

ஊரடங்கு முடிந்து கடைகள் நிஜமாகவே திறந்தன. நெட்டுக் கடையை யார் பார்த்தார்கள்? “இப்பதான் ஆளுக நேர்ல வாராகளே,” என்று ஒவ்வொருவராகப் பெயரை விட்டார்கள். நான் அழைப்பதும் குறைந்தது. “என்னட்டி, இப்பல்லாம் நம்பரே வர மாட்டேங்கு?” என்று ஒரு நாள் மதினியே கேட்டார்கள்.

போன வருடம் ஓசூரில் இருக்கும் அவர்கள் மகள் வந்து மதினியை அழைத்துப் போனாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பாதி வீட்டை மூட்டை கட்டியிருந்தார்கள். மதினி போனை என் கையில் வைத்து, “நீயே வச்சுக்க. அங்க கொண்டு போனா இத அணைச்சுப் போட்ருவாவ,” என்றார்கள். நான் ஓசூருக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். “அம்மா படுத்திருக்காங்க. எதும் விஷயமா?” என்று மகள் கேட்டாள். விஷயம் என்று என்னிடம் என்ன இருக்கிறது? கேட்பதற்கு நம்பர் இல்லையே. பிறகு கூப்பிடவில்லை.

இன்று காலை பந்தல்காரரின் பெயரைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். அவர் மட்டும் இன்னும் விடவில்லை. ஓடிபி அனுப்பு என்று அழுத்தினேன். மேஜையில் பட்டன் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாராவது எடுத்து வாசிப்பார்கள் என்பது போல. பத்து நிமிடம் போய், நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது.

மறுபடி அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சத்தமாக வாசித்தேன். முடித்துவிட்டு, “இது யாரு கடை?” என்று கேட்டேன்.

“பந்தக்காரர் கடை மதினி. நல்லா இருக்காரு,” என்றேன். அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போடாமலேயே உள்ளே போனேன்.