தள்ளுபடி வேண்டாம்

அத்தா வாழ்நாளில் யாருக்கும் வட்டி கொடுத்ததில்லை, யாரிடமும் வாங்கியதுமில்லை. கடலூர் முதுநகரில் கைலிக் கடை வைத்திருந்தார். கையில் இருக்கும் காசுக்குத்தான் சரக்கு எடுப்பார். காசில்லாத மாசங்களில் கடையில் பாதி அலமாரி காலியாகக் கிடக்கும். கடன் வாங்கிப் போடலாமே என்று யாராவது சொன்னால், மார்க்கத்தில் இல்லாதது நமக்கு வேண்டாம் என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவரின் மகளுக்கு 2010-ல் சிதம்பரத்தில் எம்.சி.ஏ. படிக்க இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வங்கிக் கல்விக்கடன் தவிர வேறு வழி தெரியவில்லை. அதற்கு அத்தாவும் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேசப் பயந்துகொண்டு அம்மாவைப் பேசவிட்டேன். சில நாள் கழித்துச் சாப்பிடும்போது, நிமிர்ந்து பார்க்காமலேயே, போடுகிறேன் என்றார். எப்படிச் சம்மதித்தார் என்று நான் கேட்கவில்லை. கிளறினால் மனசு மாறிவிடுவாரோ என்று இருந்தது.

மாறவில்லை. ஆனால் வங்கி மேலாளர் கூப்பிட்டனுப்பினார். யார் யார் எங்கே கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று குறித்து வைக்கிற கம்பெனி ஒன்று பம்பாயில் இருக்கிறதாம். அங்கிருந்து வந்த அறிக்கையில் அத்தா பேருக்கு நேராக வாராக்கடன் என்று இருந்தது. அதாவது வசூலாகாது என்று கடன் கொடுத்தவர் கைகழுவிவிட்ட கடன். இது இருக்கும்வரை கல்விக்கடனுக்கு மேலிடம் ஒப்புக்கொள்ளாது என்றார் மேலாளர். அத்தா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடையதாவது மாறி வந்திருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மாறி வரவில்லை. அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். அம்மாவின் இன்சுலின் மருந்தை வைக்க இடமில்லாமல், சில வருஷம் முன்னால் சிதம்பரத்துக் கடை ஒன்றில் தவணைக்கு எடுத்தது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகையைப் பார்த்துத்தான் அத்தா அந்தக் கடைக்குள் காலே வைத்தார். வட்டி இல்லையென்றால் அது கடனில்லை என்பது அவர் கணக்கு. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ்கள் அந்தக் கணக்கில் வந்தவைதான். கடையில் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டார், எல்லா மாசத்துக்கும் தேதி போட்டுக் காசோலைகளை முன்கூட்டியே கொடுத்தார், வீட்டுக்கு வந்தார். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிடம் கடன் வாங்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் காசோலைகளில் ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் எங்கோ போட்டுவிட்டு, தேதி கடந்து வங்கியில் கொடுத்திருக்கிறார்கள். பணம் அன்றைக்கே போய்விட்டது. ஆனாலும் தாமதத்துக்கு அபராத வட்டி என்று கொஞ்சம் ரூபாய் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். வட்டி என்ற வார்த்தையைக் கண்டதுமே அத்தா அதைக் கிழித்துப் போட்டிருக்கிறார். அந்தச் சில்லறைதான் பம்பாய் வரை போய் வாராக்கடனாகி வந்து நின்றது.

தகவல் தவறு என்று நான் பம்பாய்க்கு எழுதினேன். அவர்கள் அதை ஃபைனான்ஸ் கம்பெனிக்கே அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். திருடனையே கூப்பிட்டு நீ திருடினாயா என்று கேட்ட மாதிரி. விசாரித்தோம், தகவல் சரியே என்று பதில் வந்தது. கல்லூரியில் பணம் கட்டக் கொடுத்திருந்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அஞ்சறைப்பெட்டிக்குக் கீழிருந்து ரூபாயை எடுத்து, இதைக் கட்டித் தொலைத்துவிடுங்கள் என்றார். நானும் அதையேதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தன் வீம்புக்கு என் படிப்பைப் பலி கொடுக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அத்தா ரூபாயைத் தொடவில்லை. கொடுத்தால் கடன்பட்டேன் என்று ஆகிவிடும் என்றார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, காசோலை எண் அச்சான பாஸ்புக்கோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடப் போனேன். ஃபைனான்ஸ் ஆபீஸ் மேலவீதியில் ஒரு மாடியில் இருந்தது. விஷயத்தைச் சொன்னார். ஹெட் ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேளுங்கள், இருக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். கடன்காரன் வீட்டு வாசலில் வசூலுக்கு உட்காருவார்களே, அதே தோரணை. மதியம் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தார். அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாள் அவர்களே டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது.

கடைசியில் கிளை அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். “பாய், எதுக்கு ஒங்களுக்கு இவ்ளோ அலைச்சல்? அந்த அமௌண்ட்ட நாங்களே தள்ளுபடி பண்ணிடுறோம்” என்றார்.

நான் எழுந்தே விட்டேன். அத்தா எழுந்திருக்கவில்லை.

“தள்ளுபடி பண்ண மொதல்ல நான் தரவேண்டியிருக்கணுமே சார். செக்கு ஒங்க கையில இருந்துச்சு, லேட் பண்ணது நீங்க. பாக்கி இல்லேன்னு எழுதிக் குடுங்க. விட்டுட்டோம்னு எழுதாதீங்க.”

எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதிகாரி பாஸ்புக்கை வாங்கி அந்தக் காசோலை எண்ணைச் சரிபார்த்துவிட்டு, சென்னைக்கு போன் போட்டார். தவறு தங்களுடையது, இவர் பாக்கி எதுவும் வைக்கவில்லை என்று அன்று சாயங்காலம் எழுதிக் கொடுத்தார்கள். தள்ளுபடி என்று போட்டிருந்தால் அறிக்கையில் அந்தக் கறை அப்படியே தங்கியிருக்கும் என்று எங்கள் வங்கி மேலாளர் பிறகு சொன்னார். அத்தாவுக்கு அது தெரியாது. பட்ட கடன் பட்டது, படாதது படாதது என்பது மட்டும் தெரியும்.

கெஞ்சிக் கூத்தாடிக் கல்லூரியில் பணம் கட்ட அவகாசம் வாங்கினேன். திருத்திய அறிக்கை வந்ததும் மேலாளர் கூப்பிட்டார். “ஒங்க பேர்ல இப்ப ஒரு கொறையும் இல்ல பாய். இனிமே எவ்ளோ வேணும்னாலும் கடன் வாங்கலாம்” என்று மனசார வாழ்த்தினார். அத்தா தலையை ஆட்டிக்கொண்டார். கடன் பத்திரத்தில் வட்டி பற்றிய பக்கத்தை மேலாளர் நாசூக்காகப் புரட்டப் பார்த்தார். அத்தா அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். “அந்தச் சில்லறக் காசுக்கு அவ்ளோ நாள் ஒக்காந்தீங்களே அத்தா. இப்ப இவ்ளோ வட்டிக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே.”

“அது எம்மேல போட்ட பொய்யிம்மா. இது தெரிஞ்சேதான் பட்டேன். மறுமையில கேக்குற எடத்துல நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போயிப் படி.”