தேயலையா, தேயிலையா?

மாவை அச்சில் கொட்டி அமுக்கி, நைட்ரஜன் அடைத்த சூளையில் சுட்டு, இரும்பு தேயும் இடத்தில் தேயாத கல் செய்வது எங்கள் தொழில். சிலிக்கன் நைட்ரைடு என்று பெயர். பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கை, சொந்த வேலையை வீட்டாருக்கு விளக்கி வாயுலர்ந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பதுளையில் எங்கள் முதலாளி ஹாஜியார் கொடுத்த கடைசி வாய்ப்பு ஒரு புஷ். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மெசினில் தண்டு சுழலும் வளையம் அது. தேயாமல் நின்றால் பட்டறை நிலைக்கும். தேய்ந்தால் அந்த இடத்தில் செருப்புக் கடை.

தூள்

கொழும்பிலிருந்து மாவுப் பொதியோடு பஸ்ஸில் வந்தேன். ஹல்துமுல்லையில் ஏறிய பொலிஸ், பையில் என்ன என்று சிங்களத்தில் கேட்டது. தூள் என்பதற்கு 'குடு' என்று பளிச்சென்று சொன்னேன். போதைத்தூளுக்கும் அதுதான் பெயர் என்பது, பஸ்ஸே அமைதியான பிறகுதான் உறைத்தது. திறந்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும், திறக்காதீர்கள் என்று கும்பிட்டேன், சந்தேகம் முற்றிவிட்டது. ஹாஜியார் போனில் பேசி என்னை மீட்ட பிறகு கண்டக்டர் சொன்னார்: "இனிமே இடியப்ப மாவுன்னு சொல்லிருங்க தங்கச்சி. ஒருத்தனும் தொடமாட்டான்."

சுருக்கம்

பெக்டரியைக் கவனிக்கும் டீமேக்கர் வேலையைப் பார்க்க வந்தார். அமுக்கி வைத்திருந்த வளையத்தை அளந்துவிட்டு, பெரிதாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார். சுட்டால் சுருங்கும், அதற்காகத்தான் பெரிதாகச் செய்கிறோம் என்றேன். சுட்டு எடுத்ததைக் காட்டினால், ஆளை மாற்றிவிட்டோம் என்பதுபோல் பார்க்கிறார். "வேகவெச்சா சுருங்குறது கீரைங்க. கல்லு சுருங்கி நான் பார்த்ததில்ல."

போன்

புஷ்ஷை மாட்டி ஓடவிட்டு, கழற்றிப் பார்க்கும் நாள் வந்தது. ஹாஜியார் செருப்பு அலுமாரிக்கு அளவெடுக்க ஆளையே கூட்டி வந்துவிட்டார். பெக்டரியிலிருந்து ஃபிட்டர் முருகையா அண்ணன் போன் எடுத்தார். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. என்ன ஆச்சு என்றேன். தேயிலை என்றார். உள்ளே புகுந்துவிட்டதா, அடைத்துக்கொண்டதா என்று நான் பதற, அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "தேஞ்சுச்சான்னுதானே கேட்டீங்க? தே-ய-லை. குடிக்கிறது இல்லம்மா. தேயவே இல்ல."

தண்டு

பட்டறையில் எல்லோருக்கும் ஹாஜியார் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் டீமேக்கர் ஓர் இரும்புத் தண்டோடு வந்து நின்றார். தண்டு நடுவில் இடுப்பாக ஒடுங்கியிருந்தது. எங்கள் கல் தான் தேயாமல், உள்ளே சுழன்ற தண்டைத் தின்றிருந்தது. ஹாஜியார் மெதுவாக அளவு நாடாவைத் தேடினார். டீமேக்கர் தண்டை மேசையில் வைத்தார். "ஒங்க புஷ் அப்படியே இருக்குங்க, மாட்டத்தான் மெசின் இல்ல. தண்டுக்கும் இதே கல்லுல ஒரு உறை செஞ்சிருங்க. மத்த மெசினுங்களுக்கும் சேத்து."

தேயாத பொருளை விற்றுப் பிழைக்க வேண்டுமானால் பக்கத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்தே ஆகவேண்டும் என்பதுதான், இத்தனை மாவு அமுக்கி நான் கற்றுக்கொண்ட ஒரே விஞ்ஞானம்.