தொடாமல் நிற்க வைப்பவர்

ஸ்டுடியோவுக்குப் புதிதாக வரும் மாடல் பெண்கள் முதல் நாள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். தொப்பையும் முன்வழுக்கையுமாக, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் எதிரே வந்து நிற்பார். ஒரு கையை இடுப்பில் வைப்பார். இன்னொரு கையைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோவார். ஒரு முழங்காலை லேசாக மடக்கிக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "இப்படிம்மா" என்பார். சிரிக்காமல் என்ன செய்வது? அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்து முடிக்கட்டும் என்று அந்தக் கோலத்திலேயே காத்திருப்பார். சிரித்து ஓய்ந்த உடம்பு நன்றாக இளகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவருக்குக் கண்ணாடி அண்ணன் என்று பெயர் வைத்தது அந்தப் பெண்கள்தான். பெண்ணின் இடது தோள் உயரவேண்டும் என்றால் அவர் தன் வலது தோளைத் தூக்குவார். அவள் வலமா இடமா என்று யோசிக்கவே வேண்டாம், நிலைக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்தால் போதும். அவள் நின்றதும் இவர் ஸ்டாண்டில் இருக்கும் காமிராவுக்கு ஓடுவார்.

பெரிய கலைஞர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. குடை விளக்கை எங்கே வைப்பது என்பதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றியதில்லை. கவுன் தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப்புகளைப் போட்டு இறுக்கி, முன்பக்கத்தை மட்டும் எடுக்கும் எல்லாரையும் போலத்தான் அவரும். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். எந்தப் பெண்ணையும் கையால் தொட்டுத் திருத்துவதில்லை. கிளிப் போடுவதும் முடியை ஒதுக்குவதும் மேக்கப் போடும் அவர் மனைவியின் வேலை. பெண்கள் அவரை அண்ணே என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவார்கள். "கட்டின புருஷனை எனக்குக் கூடப்பிறந்தவன் ஆக்கிட்டீங்களேடி" என்று அவள் பவுடர் அப்பிக்கொண்டே அலுத்துக்கொள்வாள்.

அவளும் ஒரு காலத்தில் மாடல்தான். அவர் அப்போது வேறொரு ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்டுடியோ முதலாளி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வந்து அவள் முகவாயை ஒரு விரலால் கீழே அழுத்துவார். இவ்வளவு திமிராக நின்றால் யார் பார்ப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முகவாயில் நிற்கவேண்டிய விரல் சிலசமயம் கழுத்துக்கும் இறங்கும். பரவாயில்லையா என்று அவர் கேட்டால், பரவாயில்லை சார் என்பாள். வேலை முடிந்ததும் குழாயடியில் அந்த இடத்தை மட்டும் அவள் சோப்புப் போட்டுத் தேய்ப்பதை இவர் பார்த்திருக்கிறார். ஒருநாள் முதலாளி டெலிபோனில் மாட்டிக்கொள்ள, படத்தை இவரே எடுக்க வேண்டி வந்தது. தொடக் கை வரவில்லை. சொல்ல வாயும் வரவில்லை. எதிரே போய்த் தானே நின்று காட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இன்றுவரை அவர் எடுத்ததில் நல்ல படம் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் விளக்குக்கு முன்னால் நிற்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. போதும் என்றாள், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு சென்ட் கம்பெனியின் காலண்டரால். வருஷா வருஷம் அந்தக் காலண்டர் வேலை வந்தால்தான் ஸ்டுடியோவுக்கு வாடகை ஓடும். இந்த முறை கம்பெனி மேனேஜர், ஏற்கெனவே எடுத்த படங்களை மேக்கப் மேஜைமேல் பரப்பினார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் பெண்ணின் இடது தோள் தொங்கியிருந்தது. சென்ட் பூசிக்கொண்டவள் மாதிரியா இருக்கிறது, மூட்டை தூக்கி வந்தவள் மாதிரி அல்லவா இருக்கிறது என்று கேட்டார்.

கண்ணாடி அண்ணன் முதலில் பெண்களைச் சந்தேகப்பட்டார். பிறகு தரையைச் சந்தேகப்பட்டார். மேனேஜர் போனதும் குனிந்து ஒரு பென்சிலைத் தரையில் வைத்து, உருள்கிறதா என்று பார்த்தார். பென்சில் வைத்த இடத்திலேயே கிடந்தது. எழுந்திருக்க வலது கையை மேஜைமேல் ஊன்றியபோது தோளில் சுருக்கென்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்ச காலமாகவே அந்தக் கை காதுக்கு மேலே போவதில்லை. சட்டை போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். மனைவி கேட்டதற்குப் படுத்த வாக்கு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தார். அவருடைய வலியைத்தான் அத்தனை பெண்களும் ஒன்றுவிடாமல் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த படங்களை எடுக்கும் நாளன்று மேனேஜர் தானே வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கும் தோள் தொங்கினால் காலண்டர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தொட்டு நிமிர்த்திவிட்டால் தீர்ந்தது, அதற்கு எதற்கு இந்தக் கூத்து என்பது அவர் கட்சி.

அன்றைக்கு வந்தவள் உயரமான பெண், தொழிலுக்குப் புதியவள். தரையில் ஒட்டியிருந்த டேப் அடையாளத்தில் கவனமாகக் கால் வைத்து நின்றாள். கண்ணாடி அண்ணன் எதிரே நின்று கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. இன்னும் தூக்கப் பார்த்தபோது உதடு ஒரு பக்கம் கோணியது. அவள் கையைப் பாதியில் நிறுத்தி, உதட்டையும் அதேபோல் கோணிக் காட்டினாள்.

வாயால் சொல்லிப் பார்த்தார். மேலே என்றார், அவ்வளவு இல்லை என்றார், அந்தப் பக்கம் என்றார், உன் பக்கத்துக்கு என்றார். கேட்கக் கேட்க அவள் யோசிக்க ஆரம்பித்தாள். உடம்பு யோசிக்கத் தொடங்கிவிட்டால் மரக்கட்டைதான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் வேணா நிமிர்த்தி விடட்டுமா?"

அந்தப் பெண்ணின் கால் டேப் அடையாளத்தை விட்டு ஒரு எட்டுப் பின்னால் போனது. அவள் கண்ணாடி அண்ணனைப் பார்த்து மெதுவாக, "அண்ணே, நீங்களே தொட்டுச் சரி பண்ணுங்க. பரவாயில்ல" என்றாள்.

அவர் இடது கையை அவள் தோள்வரை கொண்டுபோனார். இடையில் ஒரு விரல்கடை தூரம்தான் இருந்திருக்கும். அந்தப் பரவாயில்லையை அவர் முன்பே கேட்டிருக்கிறார். கையைக் கீழே போட்டுவிட்டார்.

"இல்லம்மா. எனக்குத் தோள் தூக்க வரல. உங்க யார்மேலயும் தப்பு இல்ல."

மேக்கப் அறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வாயில் கவ்வியிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"என்கிட்ட படுத்த வாக்குன்னீங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். மேனேஜர் பக்கம் திரும்பி, "நீங்க உட்காருங்க சார், வெளிச்சம் மறைக்குது" என்றாள். வெளிச்சம் எதுவும் மறைக்கவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் அவளும் தடுமாறத்தான் செய்தாள். பழைய பழக்கத்தில் மாடல் தூக்குவதுபோல் இடது கையைத் தூக்கிவிட்டாள். எதிரே அந்தப் பெண்ணின் வலது கை போனது. இவள் மாற்ற, அவள் மாற்ற, இருவர் கைகளும் காற்றில் அலைந்தன. "என்னக்கா இது, பஸ்ஸை நிறுத்தற மாதிரி" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவள் உடம்பிலிருந்த மரக்கட்டை இறங்கிப்போனது. காமிராவுக்குப் பின்னால் ஓடியிருந்தவர், "மூச்சை விடு" என்றார். இரண்டு பெண்களும் சேர்ந்து மூச்சை விட்டார்கள். தோள் சரியாக இருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

படங்களைப் பார்த்துவிட்டு மேனேஜர் போன் செய்தார். தோளில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு இழுத்தார். "எல்லாப் படத்துலயும் முகவாயைத் தூக்கிக்கிட்டு, சண்டைக்கு வர்ற மாதிரியில்ல நிக்கிறா?"

கண்ணாடி அண்ணன் மேஜைமேல் இருந்த படங்களை மறுபடி பார்த்தார். உண்மைதான். அது யாருடைய முகவாய் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"அது அப்படித்தான் சார் இருக்கும். இங்க யாரும் அதை அழுத்தறதில்ல."

 தன் முதலாளிக்குப் படம் பிடித்திருக்கிறது, ஆகவே தனக்கும் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி மேனேஜர் போனை வைத்தார்.

சீப்பில் சிக்கியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"அடுத்த வருஷம் வேணும்னா குனிஞ்சு காட்டறேன்னு சொல்லுங்க. முதல்ல அந்தத் தோளை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. உங்க வேலையை நான் எத்தனை நாள் பார்க்கிறது?"

மறுநாள் மாடல் பெண் வருவதற்கு முன்பே, மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள்.