எட்டு மணி வண்டிக்கு ஆயுத பூஜை

அல்சூர் பாகீரதியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் எட்டு மணி வண்டியில் ஏறியதே இல்லை என்று அர்த்தம். பெங்களூரில், லிங்கராஜபுரத்தில் புறப்பட்டு, காக்ஸ் டவுனைச் சுற்றிக்கொண்டு அல்சூருக்கு வந்து, சிவாஜிநகர் வழியாக மெஜஸ்டிக் போகும் பஸ் அது. எட்டு மணிக்கு அது வந்து நின்றதாக யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள், ஆனாலும் பெயர் எட்டு மணி வண்டிதான். தொண்ணூற்றொன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாகீரதி அதில்தான் போய் வந்தாள்.

அவளுக்கு ஒரு குணம். தனக்காக யாராவது துரும்பை எடுத்துப் போட்டால்கூடச் சும்மா இருக்க முடியாது. காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கு மோர் கொடுத்தாக வேண்டும். தெருவிளக்கைச் சரி பண்ண ஒருவர் ஏறினால், அவர் இறங்கும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம், "இவளை விட்டா மழைக்கும் ஒரு டம்ளர் காபி நீட்டுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் தினமும் தன்னைச் சுமந்துகொண்டு போகிற பஸ்ஸை மட்டும் சும்மா விடுவாளா? கண்டக்டர் கோவிந்தப்பாவின் மகளுக்குப் பெயர் வைத்தபோது முதல் சட்டை இவள் வாங்கிக் கொடுத்ததுதான். அவள் நிறுத்தத்துக்கு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் டிரைவர் ரவி வண்டியை எடுக்கமாட்டார். வண்டிக்குள் பூத்தொடுப்பார்கள், பட்டாணி உரிப்பார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்த லிங்கராஜபுரம் காந்தாவும், காக்ஸ் டவுனில் ஏறும் டீச்சர் பிரிஜெட்டும் பாகீரதிக்கு உயிர். இந்த மூன்று பேரும் வீட்டுக்கு வீடு போய்ப் பழகியவர்கள் இல்லை. எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த வண்டிக்குத் திருவிழா. ஆயுத பூஜையன்று ஆபீஸ் லீவு என்பதால், அதற்கு முந்தின வேலை நாளில் பயணிகள் சேர்ந்து பஸ்ஸுக்குப் பூஜை போடுவார்கள். டிப்போவில் தனியாக ஒரு பூஜை உண்டு, அது அவர்கள் பாடு. இது ஏறுகிறவர்கள் செய்வது. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ரவிக்குச் சாலை தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கண்ணாடி முழுக்கச் சாமந்தி போட்டு, பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரி கடலை கொடுப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் பிரிஜெட் வீட்டு மரத்தில் காய்த்தது. சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்துவர் இதையெல்லாம் கொண்டுவரலாமா என்று ஒருவர் வாயைக் கொடுத்ததற்கு, "பழத்துக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலை" என்றாள் பிரிஜெட். கேட்டவரே பழத்தை வாங்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

அப்புறம் ஊருக்குள் பணம் வந்தது. வரட்டும், நல்லதுதானே, யார் வேண்டாம் என்றார்கள்? நேற்று வரை மாதக் கடைசியில் கையைப் பிசைந்தவர்கள் வீட்டிலெல்லாம் வண்டி நின்றது. முதலில் ஸ்கூட்டர்கள், பின்னாலேயே கார்கள். பிரிஜெட் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். மெஷின் படம் வரைகிற ஏகாம்பரத்தை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டது. இரண்டாயிரத்து மூன்று உகாதிக்கு அவர் வீட்டு வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. மனைவி இத்தனை வருஷம் புகையிலும் வேர்வையிலும் அல்லாடியது போதும், இனிமேல் மகாராணி மாதிரி போகட்டும் என்று ஆசையாக வாங்கியது. அவர் ஆபீஸ் போகிற வழிதான் அவள் எக்ஸ்சேஞ்சும்.

பொய் சொல்வானேன், பாகீரதிக்குச் சுகமாகத்தான் இருந்தது. புடவை கசங்கவில்லை. யார் குடையும் விலாவில் குத்தவில்லை. ஏகாம்பரம் பழைய பாட்டு போடுவார், இவள் கூடவே முணுமுணுப்பாள். சிக்னலில் நிற்கும்போது சில நாள் பக்கத்தில் எட்டு மணி வண்டி வந்து நிற்கும். ஜன்னலிலிருந்து காந்தா கையை ஆட்டி என்னவோ சொல்வாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்காது. பாகீரதியும் கையை ஆட்டுவாள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் மார்க்கெட்டில் பூக்கடைக்கு முன்னால் காந்தா எதிரே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்கு வரவில்லை, குறையும் சொல்லவில்லை.

"வண்டிய நிறுத்தப் போறாங்களாம்க்கா. ஏறுறதுக்கு ஆளே இல்லையாம். தசரா முடிஞ்சு ஒரு வாரம் பாத்துட்டு எடுத்துடுவாங்களாம், கோவிந்தப்பா சொன்னாரு."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் காந்தாவால் காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. ஏற்கெனவே இரண்டு தரம் தாமதமாகப் போயிருந்தாள், மூன்றாம் தரமும் அப்படி வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று ஆயாக்களை வேலை வாங்குகிற மேஸ்திரியம்மா சொல்லிவிட்டாள். ஆட்டோவில் தினமும் போகிற வேலையா அது? இதையெல்லாம் காந்தா ஊர்க்கதை சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, பூஜைக்கு மட்டுமாவது வந்துவிடச் சொன்னாள். பாகீரதி இல்லாமல் தான் பூசணிக்காய் உடைத்தால் அது ரவியின் தலையில்தான் போய் விழுமாம்.

பாகீரதிக்குக் கோபம் வந்தது. மார்க்கெட்டிலிருந்து வீடு வருகிற வழியெல்லாம் டிப்போவைத் திட்டினாள், சர்க்காரைத் திட்டினாள், தெருவை அடைத்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு காரையும் திட்டினாள். வாசலுக்கு வந்தால் அங்கே சாம்பல் நிறக் கார் நின்றது. அதற்குமேல் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாளையிலிருந்து பஸ்ஸில்தான் போவேன் என்று அவள் சொன்னதும் ஏகாம்பரத்தின் முகம் சுண்டிப்போனது. யாருக்காக இதை வாங்கினேன் என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார், பாவம். அவள் காந்தாவின் கதையைச் சொன்னாள்.

"நீ ஒருத்தி ஏறிட்டா பஸ்ஸ நிறுத்தாம விட்டுடுவாங்களா, பாகீரதி?"

"நான் ஒருத்தி எறங்கினேங்க. அப்புறம் இன்னொருத்தி. இப்படித்தானே காலியாச்சு?"

அவர் மத்தியானம் முழுக்கக் காரைத் துடைத்தார். அழுக்கே இல்லாத காரை.

மறுநாளே பாகீரதி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது போதாது என்றும் அவளுக்குத் தெரியும். பழைய ஆட்களைக் கூட்டிவர அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி, தட்டில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போய் அழைப்பது. குங்குமத்தோடு வந்தவளை எந்த வீட்டில் வாசலோடு அனுப்புவார்கள்? முதல் அழைப்பு பிரிஜெட்டுக்கு. நெற்றியில் எப்படி வைப்பது என்று இவள் தயங்க, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மற்றவர்களை அழைக்க அவளும் கூடவே கிளம்பினாள். காந்தாவின் ஷிப்ட் விஷயத்தை வெளியே சொல்வதற்கு மட்டும் பாகீரதிக்கு மனசு வரவில்லை, ஒருத்தியின் கஷ்டத்தைத் தட்டில் வைத்துக் காட்டுவதா என்று விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை நம்ம வண்டிக்குப் பூஜை, அவசியம் வந்துடுங்க என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் கண்டிப்பாக வருகிறோம் என்றார்கள்.

வந்தார்கள். அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை காலையில் அல்சூர் நிறுத்தத்துக்கு முன்னால் கார்களும் ஸ்கூட்டர்களும் வரிசை கட்டி நின்றன. பட்டுப்புடவை என்ன, பூ என்ன, குழந்தைகள் என்ன! பஸ் பூஜைக்கு அத்தனை பேரும் சொந்த வண்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களை என்ன சொல்வது? அழைத்தவளே காரில்தான் வந்திருந்தாள். வாழைக்கன்றையும் பெரிய பூசணிக்காயையும் எப்படித் தூக்கிக்கொண்டு போவாய் என்று ஏகாம்பரம் கேட்டார், இவளும் சரியென்று ஏறிக்கொண்டாள். நிறுத்தக் கம்பத்தை ஒட்டி, முதல் ஆளாக நின்றது சாம்பல் நிறக் கார்தான்.

எட்டு மணி வண்டி வந்தது. நிற்க இடமில்லை. ரவி ஹாரன் அடித்தார், பின்னால் வந்தவர்களும் அடித்தார்கள். ஏதோ கலாட்டா என்று பயந்து கோவிந்தப்பா இறங்கி ஓடி வந்தார். குங்குமத் தட்டோடு நின்ற பாகீரதியைப் பார்த்தார். கார் வரிசையைப் பார்த்தார்.

"அம்மா, பூஜை பஸ்ஸுக்கா, காருக்கா?"

மனிதர் நிஜமாகத்தான் கேட்டார். பாகீரதிக்கு உயிரே போய்விட்டது. ஏகாம்பரம் எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று ஓடினார், மற்றவர்களும் ஓடினார்கள். நிறுத்த இடம் தேடிப் போன பாதிப் பேர் கற்பூரம் காட்டும்போது வரவே இல்லை. வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி, எல்லாம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட கை ஒவ்வொன்றும் பையிலிருந்து வண்டிச் சாவியைத்தான் எடுத்தது.

பாகீரதி பஸ் படியில் ஏறித் திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பொரி சாப்பிட்டுட்டுப் போக நான் கூப்பிடலை. இதுல ஏறத்தான் கூப்பிட்டேன். இந்த வண்டி நின்னா காந்தாவுக்கு வேலை போயிடும். நமக்கு ஒண்ணும் போகாது, அது எனக்கும் தெரியும்."

உள்ளே காந்தா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே யாரும் யாரையும் பார்க்கவில்லை. கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்த வண்டி அன்றைக்கு ஏழெட்டுப் பேரோடு மெஜஸ்டிக் போனது. போகிற வழியெல்லாம் பாகீரதி அழுதுகொண்டே இருந்தாள். பிரிஜெட் என்னவோ சொல்லிப் பார்த்தாள், எதுவும் எடுபடவில்லை. அன்று எல்லாம் முடிந்து வண்டி கிளம்பவே தாமதமாகிவிட்டது. நல்ல வேளை, பூஜைப் பிரசாதத்தைப் பார்த்து மேஸ்திரியம்மா அந்த ஒரு நாளை விட்டுவிட்டாள்.

சனியும் ஞாயிறும் பண்டிகை. ஏகாம்பரம் காருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டார். பாகீரதி கற்பூரம் காட்டினாள். கார் என்ன பாவம் செய்தது?

திங்கட்கிழமை காலை அவள் நிறுத்தத்துக்குப் போனபோது ஒரு ஈ காக்கை இல்லை. சரி, நாம் மட்டும்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நின்றாள். தூரத்தில் வண்டி தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. பஞ்சராக இருக்கும் என்று நினைத்தாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, படியில் ஆட்கள். லிங்கராஜபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் ஏறியவர்கள், வெள்ளிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள். அவளுக்குப் பின்னாலிருந்தும் நாலைந்து பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள், பஸ்ஸுக்கு நேரத்தில் கிளம்பும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. "முன்னே போங்க, முன்னே போங்க" என்று கோவிந்தப்பா எரிந்து விழுந்தார். அதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

எல்லாரும் கடைசி வரை நிலைத்தார்களா என்றால், இல்லை. மழை வந்ததும் சிலர் காருக்கே போய்விட்டார்கள். நிறுத்துகிற பேச்சு எழாத அளவுக்கு மிச்சப் பேர் இருந்தார்கள். காந்தா காலை ஷிப்டிலேயே இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார்.

"உக்கார்றதா? காலை வைக்கவே இடம் இல்லைங்க. காந்தா அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. ஒரு வார்த்தை பேச முடியலை."

புடவை கசங்கியிருந்தது. கையில் யாரோ மிதித்த பை. கார் வாங்கிக் கொடுத்த அன்றைக்குக்கூட ஏகாம்பரம் அவள் முகத்தில் இப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?"

"வாங்க" என்றாள் பாகீரதி. "ஆனா நின்னுக்கிட்டுதான் வரணும்."